இம்போர்ட் வரிகளைத் தானாக எழுத வைப்பது: எதைக் கருவியிடம் விடலாம், எதை விடக்கூடாது?

வெண்பனி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குழு ஒரு பெரிய நிர்வாகச் செயலியைப் பராமரிக்கிறது. உலாவிப் பக்கம் வியூ 3 சட்டகம், பில்ட் செய்ய, அதாவது கோப்புகளை வெளியிடத் தயாராக்க, வீட் என்ற கருவி. சர்வர் பக்கம் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட், அதன் மேல் எக்ஸ்பிரஸ் சட்டகம். முழுவதும் ஜாவாஸ்கிரிப்ட்தான், டைப்ஸ்கிரிப்ட் இல்லை.

புதிதாக ஒரு பக்கம் சேர்க்க வேண்டுமென்றால் பக்கத்தின் கோப்பை எழுதினால் மட்டும் போதாது. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் ரவுட்டர் கோப்பில் ஓர் இம்போர்ட் (இன்னொரு கோப்பை உள்ளே கொண்டுவரும் வரி), மெனுக் கோப்பில் ஓர் இம்போர்ட், சர்வரின் ரவுட் பட்டியலில் இன்னோர் இம்போர்ட். யாராவது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மறக்காதபோதும் இரண்டு பேர் ஒரே நாளில் ஒரே கோப்பின் கடைசி வரிக்குக் கீழே எழுதுவதால் மாற்றங்களை இணைக்கும்போது மெர்ஜ் மோதல் வந்துகொண்டே இருக்கிறது. இதற்கும் நாங்கள் எழுதும் நிரலின் சாரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வெறும் பட்டியல் பராமரிப்பு.

இதைத் தானியக்கமாக்க என்ன வழி? தேடினால் ஒருவர் இன்டெக்ஸ் கோப்பு என்கிறார், ஒருவர் பிளகின் என்கிறார், இன்னொருவர் எடிட்டரே செய்யும் என்கிறார். எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

நூலிழை எழுதியது:

வணக்கம் வெண்பனி. குழப்பம் வருவது இயல்பு. "இம்போர்ட்டைத் தானியக்கமாக்குவது" என்ற ஒரே பேச்சுக்குள் வெவ்வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன.

நீங்கள் ஒரு பெயரைத் தட்டும்போது எடிட்டரே கோப்பின் தலையில் இம்போர்ட் வரியை எழுதித் தருவது ஒரு வேலை. விஎஸ் கோடில் டைப்ஸ்கிரிப்ட் சேவை இதைச் செய்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுக்கும் சேர்த்தே. கோப்பை இடம் மாற்றினால் அதைச் சுட்டும் பாதைகளைத் திருத்தித் தரும், பயன்படாத இம்போர்ட்டை நீக்கும். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை, எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டியது. வரி கோப்பில் எழுத்தாக இருக்கிறது, தட்டியது யார் என்பதுதான் வேறு.

ஒரு கோப்புறையில் இருக்கும் அத்தனை கோப்புகளையும் ஒரே மூச்சில் ஏற்றுவது இன்னொரு வேலை. உங்கள் சிக்கல் இந்த வகை என்று நினைக்கிறேன்.

இம்போர்ட் வரியே எழுதாமல் பெயரை மட்டும் பயன்படுத்தி, பில்ட் நேரத்தில் கருவி வரியைச் செருகுவது மூன்றாவது. வியூவின் மேல் அமைந்த நக்ஸ்ட் 3 சட்டகம் இதைச் செய்கிறது. நக்ஸ்ட் இல்லாதவர்களுக்கு அன்பிளகின் ஆட்டோ இம்போர்ட் என்ற பிளகின் இருக்கிறது.

இன்டெக்ஸ் கோப்பு, அதாவது பேரல், இவை எதிலும் சேராது. அது பல கோப்புகளின் ஏற்றுமதியை ஒரே வாசல் வழியாக மறுபடி ஏற்றுமதி செய்கிறது. அந்தப் பட்டியலையும் யாரோ ஒருவர் எழுதத்தான் வேண்டும்.

எது வேண்டும் என்று முடிவு செய்தபின் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

பாலாறு எழுதியது:

வீட் கையில் இருக்கும்போது உலாவிப் பக்கத்துக்கு வேறு எதையும் தேட வேண்டாம். இம்போர்ட்.மெட்டா.குளோப் என்ற அழைப்பு இதற்காகவே இருக்கிறது. பக்கங்கள் கோப்புறையின் பாதையையும், எந்த ஆழத்தில் இருந்தாலும் .வியூ என்று முடியும் கோப்புகள் என்று சொல்லும் இரட்டை நட்சத்திரக் குறியையும் ஒரு சரமாகக் கொடுங்கள். ஒரு பொருள் திரும்பி வரும். அதன் சாவிகள் கோப்புப் பாதைகள். மதிப்புகள் சார்புகள். ஒவ்வொரு சார்பும் அழைக்கப்படும்போதுதான் அந்தக் கோப்பை ஏற்றும். பில்ட் முடிந்து பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் தனித் துண்டாகப் பிரிந்திருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. வியூ ரவுட்டர் ஒரு பக்கத்தின் காம்போனென்ட் என்ற இடத்தில் எதிர்பார்ப்பதும் இதே வடிவச் சார்பைத்தான். எனவே சாவியிலிருந்து முகவரியைச் செதுக்கி எடுத்து, மதிப்பை அப்படியே அந்த இடத்தில் வைத்துவிடலாம். இடையில் ஒட்டுவேலை எதுவும் தேவையில்லை.

உடனடியாக எல்லாமே வேண்டுமென்றால் இரண்டாவது வாதத்தில் ஈகர் என்பதை உண்மை என்று கொடுக்க வேண்டும். பழைய கட்டுரைகளில் குளோப்ஈகர் என்று தனி அழைப்பு இருக்கும். 2022இல் வந்த வீட் 3 அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. அந்தக் கட்டுரைகளைப் பார்த்து எழுதாதீர்கள்.

முக்கியமான கட்டுப்பாடு: பாதையை மாறியில் வைத்துக் கொடுக்க முடியாது. நேரடியாகச் சரமாகவே எழுத வேண்டும்.

புதுமழை எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. பாதையை ஏன் மாறியில் கொடுக்கக்கூடாது? நிரல் ஓடும்போது மாறியின் மதிப்பு தெரிந்துவிடுமே?

பாலாறு எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. குளோப் அழைப்பு நிரல் ஓடும்போது இயங்குவதே இல்லை. வீட் உங்கள் கோப்பை வாசிக்கும்போது அந்த வரியைக் கண்டு, வட்டில் இருக்கும் கோப்புகளைத் தேடி, அந்த வரிக்குப் பதிலாக முழுப் பட்டியலையும் எழுதிவிடுகிறது. உலாவிக்குப் போவது அந்தப் பட்டியல் மட்டுமே. உலாவிக்குக் கோப்புறை என்ற ஒன்றே தெரியாது, அதனால் சர்வரிடம் "இந்தக் கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன" என்று கேட்கவும் முடியாது. மாறியின் மதிப்போ ஓடும்போதுதான் பிறக்கிறது. அதற்குள் பட்டியல் எழுதி முடிந்துவிட்டது.

2015இல் வந்த இஎஸ் மாட்யூல் வடிவமே இந்த எண்ணத்தில் அமைந்ததுதான். இம்போர்ட் வரி கோப்பின் மேல்மட்டத்தில் மட்டும் இருக்கலாம், பாதை மாறாத சரமாக இருக்க வேண்டும். ஒரு வரி ஓடும் முன்பே எந்தக் கோப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று முழு வரைபடமும் தெரிந்துவிடும். பயன்படாத நிரலை உதிர்க்க முடிவது அதனால்தான். ஓடும்போது தீர்மானிக்கும் இம்போர்ட், சார்பு வடிவில், 2020 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

மாறியை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு தேதிகளைக் கையாளும் மொமென்ட் நூலகம் நல்ல பாடம். அதன் உள்ளே மொழிக் கோப்பை ஏற்றும் இடத்தில் "லொகேல் கோப்புறை, கூட்டல், பெயர்" என்று ஒரு ரிக்வயர் (இம்போர்ட்டுக்கு முந்தைய பழைய வடிவம்) இருக்கிறது. பெயர் எது என்று, கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவியான வெப்பேக்குக்குத் தெரியாது. எதையும் விட்டுவிடக்கூடாது என்று கோப்புறையில் இருக்கும் அத்தனை மொழிகளையும் மூட்டையில் கட்டிவிடும். ஒரே மொழியில் தேதி காட்டும் செயலியும் எல்லா மொழிகளையும் சுமந்தது. அதைக் கழற்றவே தனிப் பிளகினை அமைக்க வேண்டியிருந்தது.

புதுமழை எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. இப்போது புரிகிறது.

கரிசல்காடு எழுதியது:

சர்வர் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே வீட், வெப்பேக் போன்ற பண்டிலர் கிடையாது, நோட் நேராகக் கோப்புகளை ஓட்டுகிறது. எனவே கோப்புறையை நாமே வாசித்து ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். பழைய ரிக்வயர் காலத்தில் இது மிக எளிது. தரவுத்தள நூலகமான சீக்வலைஸின் கருவி உருவாக்கித் தரும் மாடல்கள் கோப்புறையின் இன்டெக்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். கோப்புறையை வாசிக்கிறது, புள்ளியில் தொடங்கும் கோப்பைத் தள்ளுகிறது, தன்னையே தள்ளுகிறது, .ஜேஎஸ் அல்லாததைத் தள்ளுகிறது, .டெஸ்ட்.ஜேஎஸ் என்று இருப்பதையும் தள்ளுகிறது. இந்த நான்கு விலக்குகளையும் நீங்கள் எழுதும் ஏற்றியிலும் வையுங்கள். டெஸ்ட் கோப்பு ஒன்று சர்வருக்குள் ஏறிவிட்டால் சர்வர் தொடங்கும்போதே விழும்.

இஎஸ் மாட்யூலுக்கு வந்தால் டைனமிக் இம்போர்ட்டை, அதாவது பாலாறு சொன்ன சார்பு வடிவ இம்போர்ட்டை, பயன்படுத்த வேண்டும். இங்கே விண்டோஸ் கணினிக்காரர்கள் ஒரு பிழையில் முட்டிக்கொள்வார்கள். முழுப் பாதையைக் கட்டி இம்போர்ட்டுக்குக் கொடுத்தால் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். விண்டோஸில் பாதை சி, முக்காற்புள்ளி என்று தொடங்குகிறது அல்லவா? நோட் அதை ஓர் இணைய முகவரியாக வாசித்து, "சி:" என்ற நெறிமுறை எனக்குத் தெரியாது என்று மறுத்துவிடும். நோடின் யூஆர்எல் மாட்யூலில் இருக்கும் பாத்டுஃபைல்யூஆர்எல் சார்பில் பாதையைப் போட்டு, வரும் முகவரியை இம்போர்ட்டுக்குக் கொடுங்கள். மூன்று இயங்குதளங்களிலும் ஓடும்.

இவை எல்லாம் சிறு விஷயங்கள். எனக்கு உண்மையில் கவலை தருவது வரிசை. எக்ஸ்பிரஸில் எந்த ரவுட் முதலில் பதிவானதோ அதுதான் முதலில் பார்க்கப்படும். ஆர்டர்கள் கோப்புறையில் டீடெய்ல், எக்ஸ்போர்ட் என்று இரண்டு கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கோப்பின் முகவரி, ஆர்டர்கள் சாய்கோடு, பிறகு எந்த மதிப்பையும் ஏற்கும் ஐடி. இரண்டாவதின் முகவரி, ஆர்டர்கள் சாய்கோடு எக்ஸ்போர்ட். ஆங்கில அகரவரிசையில் டி முந்துகிறது. ஐடியை ஏற்கும் ரவுட் முதலில் பதிவாகி, "எக்ஸ்போர்ட்" என்ற சொல்லையே ஓர் ஆர்டர் எண்ணாக எடுத்துக்கொண்டு தரவுத்தளத்தில் தேடும். பயனர் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் "அப்படி ஓர் ஆர்டர் இல்லை" என்று பதில் வரும். இரண்டு கோப்புகளிலும் தவறு இல்லை. தவறு எந்தக் கோப்பிலும் எழுதப்படாத வரிசையில் இருக்கிறது. கையால் பட்டியல் எழுதியபோது அந்த வரிசை கண்ணுக்குத் தெரிந்தது.

எனவே சர்வரில் நான் வலியுறுத்துவது: ஒரே முன்னொட்டில், அதாவது முகவரியின் ஒரே தொடக்கப் பகுதியில், வரும் ரவுட்கள் அனைத்தும் ஒரே கோப்பில், மனிதர் எழுதிய வரிசையில் இருக்கட்டும். தானாக ஏற்றுவது வெவ்வேறு முன்னொட்டு கொண்ட ரவுட்டர்களை மட்டும். அவை ஒன்றை ஒன்று விழுங்கா, வரிசை மாறினாலும் கேடு இல்லை.

வெண்பனி எழுதியது:

கரிசல்காடு, இந்த ஒரு பதிவுக்காகவே இழையைத் தொடங்கியது தகும். எங்கள் ரவுட்டில் இதே வடிவம் இரண்டு இடங்களில் இருக்கிறது, தேடிப் பார்த்தேன். அவற்றை முதலில் ஒரே கோப்பில் சேர்க்கிறேன்.

தென்னந்தோப்பு எழுதியது:

நான் நக்ஸ்ட் 3 பயன்படுத்துபவன். நண்பர்கள் ஏன் இன்னும் பாதி வழியில் நிற்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் திட்டத்தில் ரெஃப், கம்ப்யூட்டட் போன்ற வியூ சார்புகளுக்கு இம்போர்ட் எழுதுவதே இல்லை. கம்போசபிள்ஸ், யூட்டில்ஸ், காம்போனென்ட்ஸ் கோப்புறைகளில் வைத்தால் போதும், பெயரைச் சொல்லி அழைக்கலாம். பயன்படுத்திய பெயருக்கு மட்டுமே வரி செருகப்படுவதால் மூட்டையும் பெருப்பதில்லை. வகை விவரக் கோப்பை நக்ஸ்ட்டே உருவாக்குகிறது, எனவே எடிட்டரில் பெயரைச் சொடுக்கினால் அது பிறந்த கோப்புக்குப் போய்விடலாம். புதிதாகச் சேர்பவர் முதல் நாளே பக்கம் எழுதத் தொடங்கிவிடுகிறார். கோப்பின் தலையில் இருபது வரி இம்போர்ட்டைத் தாண்டிப் போய்ப் படிக்க வேண்டிய நிலை இல்லை.

நூலிழை எழுதியது:

தென்னந்தோப்பு, நக்ஸ்ட்டுக்குள் இருக்கும்வரை நீங்கள் சொல்வது சரி. அங்கே அது சட்டகத்தின் மரபு. எந்தக் கோப்புறையில் எது என்பது ஆவணத்தில் இருக்கிறது, நக்ஸ்ட் தெரிந்த எவரும் அதை அறிவார். வெண்பனியின் திட்டம் அப்படி இல்லை. அங்கே பிளகினைச் செருகினால் மரபை அவர் குழுவே உருவாக்கி, அவர்களே எழுதிவைத்து, வருபவர் ஒவ்வொருவருக்கும் சொல்லித்தர வேண்டும்.

என் எதிர்ப்பின் வேர் இதுதான். ஒரு கோப்பைத் திறந்தால், அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கோப்பிலேயே தெரிய வேண்டும். எடிட்டர் சொடுக்கினால் காட்டும் என்பது உண்மை. ஆனால் புல் ரிக்வெஸ்டை, அதாவது சேர்க்கும் முன் சரிபார்க்க அனுப்பிய மாற்றத்தை, உலாவியில் படிப்பவருக்கு எடிட்டர் இல்லை. கட்டளை வரியில் தேடுபவருக்கும் இல்லை. யூஸ்யூசர் என்ற பெயர் நம்முடையதா, நூலகத்துடையதா, ஒரே பெயரில் இரண்டு இருந்தால் எது வென்றது என்று அவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கோப்பை எடுத்து, பிளகின் இல்லாத ஒரு தனி ஸ்கிரிப்டில் ஓட்டினால், முதல் வரியிலேயே "வரையறுக்கப்படவில்லை" என்று நின்றுவிடும். நிரலில் தவறு தேடும் லின்ட் கருவியும் தெரியாத பெயர் என்று கத்தும், அதற்குத் தனியே ஒரு விதிவிலக்குப் பட்டியலை உருவாக்கித் தர வேண்டும்.

எழுதுவதற்கு எடிட்டர் இருக்கும்போது, வரியை மறைப்பதில் மிச்சமாகும் உழைப்பு சொற்பம். படிப்பவருக்கு ஏற்படும் இழப்பு பெரிது. நிரலை எழுதுவதைவிடப் படிப்பதற்குத்தான் நாம் அதிக நேரம் செலவிடுகிறோம்.

தென்னந்தோப்பு எழுதியது:

தனி ஸ்கிரிப்ட் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அது எங்களுக்கும் இடிக்கிறது. ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். நக்ஸ்ட்டிலும் தானியங்கு இம்போர்ட்டை நிறுத்திவைக்க அமைப்பு உண்டு. நிறுத்தினாலும் இம்போர்ட்ஸ் என்ற மாற்றுப்பெயருக்கு முன்னால் எண் குறி போட்டு, அதிலிருந்து வெளிப்படையாக எடுத்துக்கொள்ளலாம். ரெஃப், கம்ப்யூட்டட் போன்ற பத்துப் பன்னிரண்டு பெயர்கள் எவருக்கும் குழப்பம் தராதவை. அவற்றுக்கு மட்டும் பிளகினை வைத்து, சொந்தக் கோப்புகளுக்கு வரி எழுதச் சொன்னால்கூட நியாயமாக இருக்கும்.

நூலிழை எழுதியது:

அந்த எல்லையோடு நிற்பதானால் எனக்கு மறுப்பில்லை.

மணல்மேடு எழுதியது:

பேரல் கோப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாங்கள் ஒவ்வொரு கோப்புறைக்கும் இன்டெக்ஸ் வைத்து, அதையும் ஒரு கருவியால் உருவாக்கினோம். பார்க்க அழகாக இருந்தது. பிறகு "துவக்கத்துக்கு முன் அணுக முடியாது" என்ற பிழை அங்கங்கே எழுந்தது. காரணம், கோப்புறைக்குள் இருக்கும் ஒரு கோப்பு பக்கத்துக் கோப்பை நேராக எடுக்காமல் தன் சொந்த இன்டெக்ஸ் வழியாக எடுத்தது. இன்டெக்ஸ் அந்தக் கோப்பை எடுக்கிறது, அந்தக் கோப்பு இன்டெக்ஸை எடுக்கிறது. வட்டம். பழைய ரிக்வயராக இருந்தால் பாதி நிரம்பிய பொருள் கையில் வந்து, பிழையே சொல்லாமல் வேறெங்கோ வெறுமதிப்பாக வெளிப்படும். அதைத் தேடுவது இன்னும் கொடுமை.

டெஸ்ட் ஓடும் நேரமும் ஏறியது. டெஸ்ட்களை ஓட்டும் கருவியான ஜெஸ்ட் ஒவ்வொரு டெஸ்ட் கோப்புக்கும் மாட்யூல்களைப் புதிதாக ஏற்றுகிறது. ஒரு சிறு சார்பைச் சோதிக்க இன்டெக்ஸைத் தொட்டால் கோப்புறை முழுவதும், அது தொடும் கோப்புறைகளும் ஏறுகின்றன. ரியாக்ட்டுக்கான நெக்ஸ்ட் சட்டகம் (நக்ஸ்ட் அல்ல) 2023இல், 13.5 பதிப்பில், பெரிய நூலகங்களின் பேரல்களை உடைத்து நேர் பாதையாக்க ஓர் அமைப்பையே சேர்த்தது. நூலகம் வெளியிடுபவர்களுக்கு வாசல் ஒன்று வேண்டும், சரி. செயலிக்குள் கோப்புறைதோறும் வாசல் எதற்கு?

மட்ஜ் என்ற கருவி வட்டங்களைக் காட்டிக்கொடுக்கும். ஈஎஸ்லின்ட்டின் இம்போர்ட் பிளகினில் வட்டத்தைத் தடுக்கும் விதியும் உண்டு. எந்தத் தானியக்கத்தையும் சேர்க்கும் முன் அதை இயக்கிவிடுங்கள்.

கரிசல்காடு எழுதியது:

மணல்மேடு சொன்னதோடு இன்னொன்று. ஏற்றப்பட்டவுடன் தானே பதிவு செய்துகொள்ளும் மாட்யூல்கள் சிலரிடம் இருக்கும், எந்தப் பெயரையும் எடுக்காமல் வெறும் பாதையை மட்டும் இம்போர்ட் செய்வார்கள். பேக்கேஜ்.ஜேசனில் பக்கவிளைவு இல்லை என்று குறித்திருந்தால் வெப்பேக் அவற்றைத் தேவையற்றவை என்று உதிர்த்துவிடும். உங்கள் கணினியில் ஓடி, வெளியிட்ட பதிப்பில் காணாமல் போகும் அம்சங்களுக்கு இது ஒரு காரணம். மாட்யூல் தன்னைப் பதிவு செய்வதைவிட, ஏற்றுமதி செய்வதும், ஏற்றுபவர் பதிவு செய்வதும் நல்லது.

வெண்பனி எழுதியது:

மெனுக் கோப்புதான் பாக்கி. அங்கே தாமதமாக ஏற்ற முடியாது, தலைப்பு, அனுமதி, படம் எல்லாம் தொடக்கத்திலேயே தேவை. அதே பட்டியலை சர்வரும் அனுமதிச் சரிபார்ப்புக்கு வாசிக்கிறது. சர்வரில் வீட் இல்லை, குளோப் ஓடாது. இரண்டு பக்கமும் ஓடும் வழி உண்டா?

நூலிழை எழுதியது:

உண்டு, அது எனக்கு மிகவும் நம்பிக்கையான வழியும்கூட. ஒரு சிறு ஸ்கிரிப்ட் கோப்புறையை வாசித்து, உண்மையான இம்போர்ட் வரிகள் கொண்ட ஒரு கோப்பை எழுதட்டும். அந்தக் கோப்பை, நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் சேர்த்துவிடுங்கள். மாயம் எதுவும் இல்லை. வீட், நோட், ஜெஸ்ட், லின்ட், எடிட்டர் எல்லாம் அதைச் சாதாரண ஜாவாஸ்கிரிப்டாகவே பார்க்கும். புல் ரிக்வெஸ்டில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று வரியாகத் தெரியும். தலையில் "இது கருவி எழுதியது, கையால் திருத்த வேண்டாம்" என்று ஒரு குறிப்பு.

ஸ்கிரிப்ட் எந்தக் கணினியில் ஓடினாலும் ஒரே எழுத்துகளை எழுத வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விண்டோஸின் பின்சாய்கோட்டை முன்சாய்கோடாக மாற்றுங்கள். வாசித்த பெயர்களை நீங்களே வரிசைப்படுத்துங்கள். அதற்கு லொகேல்கம்பேர் வேண்டாம், அது கணினியின் மொழி அமைப்புக்கு ஏற்ப மாறக்கூடும். வாதம் எதுவும் இல்லாத சாதாரண சார்ட் போதும்.

சிஐயில், அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனையில், ஸ்கிரிப்டை ஓட்டி, உடனே கிட் டிஃப் கட்டளையை எக்ஸிட்கோட் தெரிவுடன் ஓட்டுங்கள். யாராவது பக்கம் சேர்த்துவிட்டுக் கோப்பைப் புதுப்பிக்க மறந்திருந்தால் அங்கே சிவப்பு விழும்.

மெர்ஜ் மோதலுக்கு: கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் யூனியன் முறையைக் குறியுங்கள். இரு கிளைகளின் வரிகளையும் கிட் வைத்துக்கொள்ளும், நிறுத்திக் கேட்காது. நீக்கிய வரி திரும்பி வந்துவிடும் அபாயம் உண்டு, ஆனால் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும், சிஐயும் ஓட்டச் சொல்லும். கையால் எழுதும் கோப்புக்கு இந்த முறையை வைக்கவே கூடாது.

மணல்மேடு எழுதியது:

எழுத்தின் பெரியது சிறியதையும் கவனியுங்கள். மேக்கிலும் விண்டோஸிலும் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்துப் பெயரும் சிறிய எழுத்துப் பெயரும் ஒரே கோப்பு. லினக்ஸில் வேறு வேறு. ஒருவர் கோப்பின் முதல் எழுத்தை மாற்றினால் கிட் அதைக் கவனிக்காமல் போகலாம், சிஐ மட்டும் கோப்பைக் காணோம் என்று சொல்லும். பெயர் மாற்றுவதை கிட் எம்வி கட்டளையால் செய்யச் சொல்லுங்கள்.

வெண்பனி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செய்தவற்றை எழுதுகிறேன், பின்னால் தேடி வருபவருக்கு உதவும்.

பக்கங்களுக்கு வீட்டின் குளோப், தாமத ஏற்றம். ரவுட்டர் கோப்பு பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. மெனுவுக்கு நூலிழை சொன்ன ஸ்கிரிப்ட். அதற்காக ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் அனுமதியையும் பக்கக் கோப்பிலிருந்து பிரித்து அருகிலேயே மெட்டா.ஜேஎஸ் என்ற சிறு கோப்பில் வைத்தோம். இல்லையென்றால் மெனுவுக்காக எல்லாப் பக்கங்களும் ஏறிவிடும், சர்வரால் வியூ கோப்பை வாசிக்கவும் முடியாது. சர்வரில் முன்னொட்டுக்கு ஒரு ரவுட்டர், அவற்றை மட்டும் தானாக ஏற்றுகிறோம். இரண்டு ரவுட்டர்கள் ஒரே முன்னொட்டைக் கேட்டால் சர்வர் தொடங்க மறுக்கும்படி ஒரு சோதனையும் வைத்தோம். வரி மறைக்கும் பிளகினைச் சேர்க்கவில்லை.

வட்டச் சோதனையை முதலில் இயக்கச் சொன்னது பெரிய உதவி, ஏற்கெனவே வட்டங்கள் இருந்தன. ஒரு சந்தேகம் மட்டும்: ரவுட்டர் கோப்பைத் தொடும் டெஸ்ட்கள் ஜெஸ்ட்டில் விழுகின்றன, குளோப் என்ற சார்பே இல்லை என்கிறது.

பாலாறு எழுதியது:

ஜெஸ்ட் வீட் வழியாக ஓடுவதில்லை, எனவே அந்த வரியை மாற்றி எழுத அங்கே யாரும் இல்லை. வீட் வழியாகவே டெஸ்ட்களை ஓட்டும் வீடெஸ்ட்டுக்கு மாறினால் குளோப் அப்படியே வேலை செய்யும், டெஸ்ட் எழுதும் முறை பெரும்பாலும் ஜெஸ்ட் போலவே இருப்பதால் மாற்றம் கடினமாக இராது. இப்போதைக்கு மாற முடியாதென்றால் குளோப் வரியை மட்டும் தனிக் கோப்பில் வைத்து, டெஸ்ட்டில் அந்தக் கோப்புக்குப் போலி ஒன்றைக் கொடுங்கள். ரவுட்டர் கோப்பு பட்டியலை அங்கிருந்து வாங்கிக்கொள்ளட்டும்.

வெண்பனி எழுதியது:

தனிக் கோப்பில் வைத்துவிட்டேன், டெஸ்ட்கள் பச்சை. வீடெஸ்ட் மாற்றத்தைத் தனிப் பணியாகப் பதிந்திருக்கிறோம்.